வீட்டு வரி ஏறுகிறது, பள்ளியில் பணம் இல்லை: டெக்சாஸ் பள்ளி நிதிக் கணக்கு

டெக்சாஸில் வீடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு புகாரும் சேர்ந்தே வரும். வருடா வருடம் வீட்டின் மதிப்பை ஏற்றி நோட்டீஸ் அனுப்புகிறார்கள், வரிச் சீட்டில் இருப்பதிலேயே பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குத்தான் போகிறது. ஆனால் அதே மாவட்டம் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, ஆசிரியர் இடங்களைக் குறைக்கிறோம், பள்ளியை மூடுகிறோம் என்கிறது. டாலஸ் பக்கத்தில் இருக்கும் பிளேனோவில் 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவே ஊரைப் பார்த்து, பள்ளியைப் பார்த்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம். கட்டுகிற பணமெல்லாம் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

பதில், மாநிலத்தின் பள்ளி நிதிச் சூத்திரத்தில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். பிரித்துப் பார்த்தால் பெருக்கல், கழித்தல் அளவுதான்.

முதலில், பள்ளி மாவட்டம் என்றால் என்ன?

நம் ஊர் மாவட்டத்தை மறந்துவிடுங்கள். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அரசு அமைப்பு. அதற்கென்று எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, வரி போடும் அதிகாரம் எல்லாம் உண்டு. ஊர் எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெக்சாஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள், அவற்றிலும், அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளிலுமாகச் சுமார் 55 லட்சம் மாணவர்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது, பள்ளி இருக்கும் தெருவில் வீடு என்ன விலை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸில் சம்பந்தம் உண்டு. வருமான வரி இல்லாத மாநிலம் என்பதால் பள்ளிச் செலவில் பெரும்பங்கு சொத்து வரியின் தலையில் விழுகிறது. மீதி மாநிலத்தின் பணம், கொஞ்சம் மத்திய அரசின் பணம்.

26 டாலரும் 333 டாலரும்

சூத்திரம் எதற்காக வந்தது என்று தெரிய சான் அன்டோனியோவுக்குப் போக வேண்டும். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் சுமார் நானூறு மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். உடைந்த ஜன்னல், போதாத ஆசிரியர்கள், பாழடைந்த கட்டடம், இவைதான் காரணம். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழும் ஏழைப் பகுதி அது. டிமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்ற தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் பதிவான எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரத்தின் பணக்காரப் பகுதியான ஆலமோ ஹைட்ஸில் 100 டாலருக்கு 85 சென்ட்தான் வரி, ஒரு மாணவருக்குக் கிடைத்தது 333 டாலர். ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. மாநிலம் இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே தொகையைக் கொடுத்தது, எட்ஜ்வுட்டுக்கு 222, ஆலமோ ஹைட்ஸுக்கு 225. இடைவெளி அப்படியே நின்றது.

1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ரோட்ரிகெஸ் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி, மத்திய அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அரை நூற்றாண்டு கழித்துப் படித்தாலும் மனதை வலிக்கச் செய்யும் தீர்ப்பு. அதன் நடைமுறை விளைவு, பள்ளி நிதிச் சண்டை முழுவதும் மாநில நீதிமன்றங்களுக்குப் போனதுதான். எட்ஜ்வுட் மறுபடியும் வழக்குப் போட்டது. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, இந்த ஏற்பாடு மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அப்போது மாநிலத்தின் மிகப் பணக்கார மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் சொத்து மதிப்பு, மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000 டாலர். எழுநூறு மடங்கு.

அதன் பிறகு 1993இல் வந்த சட்டம்தான், பணக்காரர்களிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்த கதை நாயகனின் பெயரில், ராபின் ஹூட் என்று எல்லோரும் சொல்வது. நிதிக் கணக்கில் அதன் பெயர் ரீகேப்சர், அதாவது பணக்கார மாவட்டத்தில் கூடுதலாக வசூலானதை மாநிலம் எடுத்துக்கொள்வது.

சூத்திரம் எப்படி வேலை செய்கிறது?

இப்போதுள்ள வடிவத்தின் அடித்தளம் 2019இல் வந்த சட்டம். நான்கு படி.

1. ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை. இதை அடிப்படை ஒதுக்கீடு என்பார்கள். 2019இல் 5,140 டாலரிலிருந்து 6,160 டாலராக ஏற்றினார்கள். 2025 வரை அதுவேதான் இருந்தது என்பதால் கீழே அதை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

2. எடை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே செலவு ஆகாது. இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பொதுவாக 0.1 எடை, அதாவது 616 டாலர் கூடுதல். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு 0.225இலிருந்து 0.275 வரை. அந்தப் பிள்ளை வசிக்கும் பகுதியின் வருமானம், பெரியவர்களின் படிப்பு, சொந்த வீட்டுக்காரர் விகிதம் போன்றவற்றைப் பார்த்து ஐந்து படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஆக, மிக ஏழ்மையான பகுதியில் இருந்து வரும், இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைக்கு 6,160 + 1,694 + 616 = 8,470 டாலர். சிறப்புக் கல்வி, தொழிற்கல்வி, டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), சின்ன மாவட்டம் என்று இன்னும் பல எடைகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் மாவட்டத்துக்கு உரிய தொகை கிடைக்கும்.

3. உள்ளூர்ப் பங்கு. மாவட்டத்தின் சொத்து மதிப்பை, மாநிலம் நிர்ணயித்த அடிப்படை வரி விகிதத்தால் பெருக்குகிறார்கள். இவ்வளவு நீங்களே திரட்ட முடியும் என்று அதற்கு அர்த்தம்.

4. வித்தியாசம். உரிய தொகையைவிட உள்ளூர்ப் பங்கு குறைந்தால் மாநிலம் நிரப்புகிறது. மிஞ்சினால் மிஞ்சியது மாநிலத்துக்குப் போகிறது. அதுதான் ரீகேப்சர்.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எடை காகிதத்தில் இருந்தால் போதாது, பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2004இலிருந்து டெக்சாஸ் கல்வித் துறை, ஒரு மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர் 8.5 சதவீதத்துக்கு மேல் போகிறார்களா என்று அளந்து மதிப்பெண் போட்டது. அது நடைமுறையில் உச்சவரம்பாகவே ஆகி, உதவி தேவைப்பட்ட ஏராளமான பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2016இல் பத்திரிகை விசாரணையில் விஷயம் வெளியே வந்தது, 2018இல் மத்திய கல்வித் துறை இது சட்ட மீறல் என்று சொன்னது. ஆட்டிசம் இருக்கும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கேட்டு, கிடைக்காமல் வருடங்களை இழந்த பெற்றோர் எத்தனை பேர். அந்த வருடங்கள் திரும்பி வராது.

இரண்டு மாவட்டங்கள், ஒரு கணக்கு

கற்பனையாக இரண்டு மாவட்டம் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆயிரம் மாணவர்கள், எடை எல்லாம் சேர்த்து உரிய தொகை 80 லட்சம் டாலர், அடிப்படை வரி 100 டாலருக்கு 70 சென்ட்.

முதல் மாவட்டத்தின் சொத்து மதிப்பு 40 கோடி டாலர். வரி 28 லட்சம் வசூலாகும், மாநிலம் 52 லட்சம் கொடுக்கும். இரண்டாவது மாவட்டத்தின் சொத்து மதிப்பு 200 கோடி. வரி 140 லட்சம் வசூலாகும், 80 லட்சத்தை வைத்துக்கொண்டு 60 லட்சத்தை மாநிலத்திடம் கொடுக்க வேண்டும்.

சரி, இப்போது இரண்டு ஊரிலும் வீட்டு மதிப்பு 10 சதவீதம் ஏறுகிறது, வரி விகிதம் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாவட்டம் 30.8 லட்சம் வசூலிக்கும், மாநிலம் கொடுப்பது 49.2 லட்சமாகக் குறையும். மொத்தம்? அதே 80 லட்சம். இரண்டாவது மாவட்டம் 154 லட்சம் வசூலிக்கும், 74 லட்சத்தைக் கொடுத்துவிட்டு 80 லட்சத்தோடு நிற்கும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதிகம் கட்டினார்கள், இரண்டு பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு சென்ட் கூடவில்லை. மிச்சம் பிடித்தது மாநிலம்.

இதுதான் மக்களைக் குழப்பும் முடிச்சு. ஒரு மாவட்டத்தின் அடிப்படைப் பணத்தைத் தீர்மானிப்பவை மாணவர் எண்ணிக்கை, எடை, அடிப்படைத் தொகை ஆகிய மூன்றும்தான். வீட்டு மதிப்பு தீர்மானிப்பது, அந்தப் பணத்தில் உங்கள் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு, மாநிலத்தின் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு என்பதை மட்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும், 2019 சட்டப்படி மாநில அளவில் சொத்து மதிப்பு 2.5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அடிப்படை வரி விகிதத்தைக் குறைக்க வேண்டும். சொந்த வீட்டில் வசிப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கும் (வீட்டு மதிப்பில் வரி போடாமல் விடும் தொகை) 2023இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1,40,000 டாலராகவும் ஏறியது. வீட்டுக்காரருக்கு நிஜமான நிவாரணம்தான். அதனால் குறையும் உள்ளூர் வசூலை மாநிலம் ஈடு செய்கிறது. ஆனால் கவனியுங்கள், பள்ளிகளுக்காக மாநிலம் செலவழிக்கும் தொகை இப்போது பெரிதாகத் தெரியும், வகுப்பறைக்குப் போகும் பணம் கூடியிருக்காது.

ராபின் ஹூட் இன்று யாரிடமிருந்து எடுக்கிறான்?

ரீகேப்சரை நான் அடிப்படையில் சரியான யோசனை என்றே நினைக்கிறேன். 26க்கும் 333க்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மூட வேறு வழி சுலபமாக இல்லை, ஏனென்றால் டெக்சாஸ் அரசியலமைப்பு மாநிலம் நேரடியாகச் சொத்து வரி போடுவதைத் தடை செய்கிறது. பள்ளி மாவட்டங்கள் வழியாகத்தான் சுற்றி வர முடியும்.

சிக்கல் எங்கே என்றால், சூத்திரத்தின் கண்ணில் "பணக்கார மாவட்டம்" என்பது சொத்து மதிப்பு மட்டுமே. ஆஸ்டின் மாவட்டம்தான் மாநிலத்திலேயே அதிக ரீகேப்சர் கட்டுகிறது, உள்ளூரில் வசூலாகும் பள்ளி வரியில் பாதிக்கு மேல் போன வருடங்கள் உண்டு. அதே மாவட்டத்து மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏழைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். நகரத்தில் டெக் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்து நில மதிப்பு ஏறியது, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா சம்பளம் அதோடு ஏறவில்லை.

ஹூஸ்டனிலும் இது நடந்தது. மாவட்டம் ரீகேப்சர் வலைக்குள் வந்ததும் 2016 நவம்பரில் பணம் கட்ட முடியாது என்று வாக்காளர்கள் மறுத்தார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டடங்கள், மால்கள் போன்ற வணிகச் சொத்துகளை வரிக் கணக்கில் ஹூஸ்டன் மாவட்டத்திலிருந்து பிரித்து வேறொரு மாவட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். கட்டடம் நகராது, அதன் வரி மட்டும் நகரும், திரும்பி வரவும் வராது. 2017 மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு வைத்தபோது கட்டிவிடலாம் என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு கேள்வி, எடுத்த பணம் நேராக எட்ஜ்வுட் மாதிரி மாவட்டத்துக்குப் போகிறதா? அது மாநிலத்தின் பொதுப் பள்ளி நிதிக் கணக்கில் சேர்கிறது. ஏழை மாவட்டத்துக்கு எவ்வளவு என்பதைச் சூத்திரம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. அதனால் ரீகேப்சர் அதிகமாக வந்தால், மாநிலம் தன் பொது வருவாயிலிருந்து போட வேண்டியது குறைகிறது. ஆஸ்டின் கூடுதலாக ஒரு கோடி கட்டினால் எட்ஜ்வுட்டுக்கு ஒரு கோடி கூடாது. ராபின் ஹூட் என்ற பெயர் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது.

அடிப்படை வரிக்கு மேல் மாவட்டங்கள் இன்னும் 17 சென்ட் வரை போட்டுக்கொள்ளலாம். அதில் முதல் 8 சென்ட்டைத் தங்க சென்ட் என்பார்கள். அதற்கு ரீகேப்சர் கிடையாது, ஏழை மாவட்டத்துக்கு மாநிலம் நல்ல தொகை சேர்த்துக் கொடுக்கும். அடுத்த 9 சென்ட் செம்பு சென்ட், அதில் மாநில உத்தரவாதமும் குறைவு, மிஞ்சினால் எடுத்தும் கொள்வார்கள். நவம்பரில் பள்ளி வரியை ஏற்றலாமா என்று வாக்குச் சீட்டில் கேட்டால், பெரும்பாலும் இந்தச் சென்ட்களைப் பற்றித்தான். தங்கமா செம்பா என்று கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

வருகைப் பதிவேட்டில் கரையும் பணம்

டெக்சாஸில் அடிப்படைப் பணம் சேர்க்கை எண்ணிக்கைக்கு வருவதில்லை, சராசரி தினசரி வருகைக்கு வருகிறது. தினமும் பள்ளி குறித்து வைத்திருக்கும் நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். ஆயிரம் பேர் சேர்ந்து சராசரியாக 930 பேர் வந்தால், 70 பேருக்கான 4,31,200 டாலர் போச்சு. அந்த 70 நாற்காலி தினமும் ஒரே நாற்காலி அல்ல. இன்று இவன், நாளை அவள். ஆசிரியரைக் குறைக்க முடியாது, பஸ்ஸை நிறுத்த முடியாது, ஏசியை அணைக்க முடியாது.

யார் வருகை குறையும்? ஆஸ்துமாவுக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைக்காத பிள்ளை, வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஆக, ஏழைப் பிள்ளைக்கு எடை என்று ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பகுதியை வருகைக் கணக்கு மறு கையால் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் சேர்க்கையை வைத்தே கணக்குப் போடுகின்றன, டெக்சாஸும் மாறலாம். கூடவே நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் விடுமுறையோடு சேர்த்துப் பொங்கல் வரை ஊரில் இருந்துவிட்டு வரும் இரண்டு வாரத்துக்கும் உங்கள் பள்ளி பணத்தை இழக்கிறது.

பள்ளி மூடப்படுவதற்கும் இதே தர்க்கம்தான். பிளேனோ போன்ற இடங்களில் வீட்டு விலை ஏறி, சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பங்கள் வடக்கே புது ஊர்களுக்குப் போகின்றன, மாணவர் எண்ணிக்கை வருடக்கணக்கில் இறங்குகிறது. ஒரு தொடக்கப் பள்ளியில் 25 பிள்ளைகள் குறைந்தால் ஒரு வகுப்புக்கான பணம் போகிறது. ஆனால் அந்த 25 பேரும் ஐந்தாறு வகுப்புகளில் நாலு, அஞ்சு பேராகச் சிதறியிருப்பார்கள். எந்த வகுப்பையும் நிறுத்த முடியாது.

அசையாமல் நின்ற 6,160

எனக்கு இதில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். அடிப்படைத் தொகை விலைவாசியோடு தானாக ஏறாது. 2025 வரை, சட்டமன்றம் ஏற்றினால்தான் உண்டு என்ற நிலை. 2019இலிருந்து 2025க்குள் அமெரிக்காவில் பொது விலைவாசி ஏறத்தாழ கால் பங்கு ஏறியது. 6,160 அதோடு ஏறியிருந்தால் 7,700 பக்கம் வந்திருக்கும். நடுவில் கொரோனா வந்தது, இன்சூரன்ஸ் ஏறியது, பஸ் டீசல் ஏறியது, எண் அசையவில்லை.

2025இல் சுமார் 850 கோடி டாலர் மதிப்பில் புதுச் சட்டம் வந்தது. பெரிய தொகைதான். ஆனால் அடிப்படை ஒதுக்கீடு ஏறியது 55 டாலர் மட்டும், 6,215க்கு. ஒரு சதவீதம்கூட இல்லை. மற்ற பணம் தனித்தனிப் பெட்டியில் வருகிறது. அதில் பெரிய பெட்டி ஆசிரியர் சம்பள உயர்வு. 5,000 மாணவருக்கு மேல் உள்ள மாவட்டத்தில் ஐந்து வருட அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 5,000 டாலர், சின்ன மாவட்டத்தில் 8,000 டாலர். ஆசிரியர்களுக்கு இது வெகு நாளாகக் கிடைக்க வேண்டியது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து நூலகரையோ மாணவர் ஆலோசகரையோ வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. அடிப்படைத் தொகையின் அருமை, அது எதற்கும் உதவும் பணம் என்பதுதான். எடைகள் எல்லாம் அதன் பெருக்கல் என்பதால் அது நின்றால் பெரும்பாலான எடைகளும் கூடவே நின்றுவிடும்.

பணம் இல்லை என்றால் ஸ்டேடியம் எப்படி?

ஆலன் என்ற ஊரில் பள்ளி மாவட்டம் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் கட்டி 2012இல் திறந்தது. இரண்டு வருடத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடிச் சரிசெய்ய வேண்டி வந்தது. இந்த மாதிரி படங்களைப் பார்த்துத்தான் பள்ளிக்குப் பணமா இல்லை என்று கேட்கிறார்கள்.

வரிச் சீட்டில் பள்ளி வரி இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று நடப்புச் செலவு: சம்பளம், கரண்ட், புத்தகம். இன்னொன்று கடன் பகுதி: வாக்காளர் ஒப்புதலோடு பாண்ட் (கடன் பத்திரம்) விற்றுக் கட்டிய கட்டடங்களுக்கான வட்டியும் அசலும். கடன் பகுதிப் பணத்தில் சம்பளம் கொடுப்பது சட்டப்படி முடியாது. மேலே சொன்ன சூத்திரம் முழுக்க முதல் பகுதியைப் பற்றியது. கடன் பகுதிக்கு ரீகேப்சர் கிடையாது, ஏழை மாவட்டத்துக்கு மாநிலம் செய்யும் உதவியும் அங்கே மெலிவு. அதனால் சம்பளச் செலவில் ஓரளவு மூடிய பழைய பள்ளம், கட்டடத்தில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

வேறு மாநிலங்களில்

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். கலிபோர்னியா 2013இல் எடையை மையமாக வைத்துப் புதுச் சூத்திரம் கொண்டு வந்தது, ஏழை, இங்கிலீஷ் கற்கும், வளர்ப்பு இல்லப் பிள்ளைகளுக்கு 20 சதவீதம் கூடுதல், அப்படிப்பட்டவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டும் மாவட்டங்களுக்கு அதற்கும் மேல். ஆனால் அங்கே ரீகேப்சர் இல்லை. பாலோ ஆல்டோ மாதிரி பணக்கார மாவட்டங்கள் உரிய தொகையை மிஞ்சும் சொத்து வரியை அப்படியே வைத்துக்கொள்கின்றன.

உங்கள் மாவட்டக் கணக்கில் எதைப் பார்ப்பது?

டெக்சாஸ் மாவட்டங்களின் பட்ஜெட்டில் செலவு வகைகளுக்கு எண் உண்டு. 91 என்ற எண்ணைத் தேடுங்கள், ரீகேப்சர் தொகை அந்த வரியில் இருக்கும். அப்புறம் சேர்க்கைக்கும் சராசரி வருகைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஐந்து வருட மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். மாவட்டக் குழுக் கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம், பதில் சொல்வார்கள். அடிப்படை ஒதுக்கீட்டைப் பற்றி அங்கே கேட்டுப் பயனில்லை, அதைத் தொடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதைத் தொடுகிற சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும் ஜனவரியில் கூடும், 140 நாளில் கலையும். 2025க்கு அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில்.